வாடிய மல்லிச் செடிக்கு மறுவாழ்வு



குழுக் கூட்டங்களுக்காக நாங்கள் நன்னிலம் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போகும்போது ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறோம். வாசல் ஓரத்திலோ, கொல்லைப் பக்கம் குழாயடியிலோ ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கும். அதில் குச்சி குச்சியாக ஒரு மல்லிச் செடி நிற்கும். இலை நாலைந்துதான் இருக்கும், அதுவும் மஞ்சளாக. கேட்டால், "அது செத்துப் போச்சுங்க, தூக்கிப் போடணும், நேரமில்லை" என்று பதில் வரும். அந்தக் குச்சியை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பல செடிகளில் உள்ளே பச்சை தெரிகிறது. செடி சாகவில்லை, கவனிப்பு இல்லாமல் நிற்கிறது.

அப்படி நிற்கிற செடியைத் திரும்பத் தழைக்க வைப்பது எப்படி என்பதுதான் இந்த மாதப் பாடம். பெரிய செலவு கிடையாது. பொறுமைதான் வேண்டும்.

பூவுக்குப் பேர் போன மண்

நம்ம பக்கத்தை நெல் விளைகிற பூமி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் பூவும் இந்த மண்ணோடு சேர்ந்ததுதான். நம் வட்டத்திலேயே பூந்தோட்டம் என்று ஒரு ஊர் இருக்கிறது. பக்கத்துத் திருப்புகலூரில் பிறந்த முருக நாயனார் விடியும் முன்னே எழுந்து, பூப்பறித்து, மாலை தொடுத்துச் சாமிக்குச் சாத்துவதையே தம் வேலையாக வைத்திருந்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை என்றால் ஒரு முழம் பூ இல்லாமல் நமக்கு முடிவதில்லை. அந்தப் பூவைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்து குறைந்து, மல்லி கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போன வருஷங்களும் உண்டு. வாசலில் ஒரு செடியைக் காயவிட்டுவிட்டு, கடைத்தெருவில் போய் முழம் போட்டு வாங்குகிறோம்.

செடி ஏன் கவனிப்பாரற்றுப் போகிறது?

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நடவு, களையெடுப்பு நாட்களில் விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும். நூறு நாள் வேலை, ரேஷன் கடை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று ஓடுகிற ஓட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கு ஞாபகம் வரும்? சில வீடுகளில் காரணம் வேறு. நம் குழு ஒன்றில் உறுப்பினராக இருக்கும் ஒரு அக்கா வீட்டில் பெரிய மல்லித் தொட்டி ஒன்று இருந்தது. அவருடைய கணவர் இறந்த பிறகு அந்தச் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. "இனி இந்த வீட்ல பூச்செடி எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்து வருஷம் மழைத் தண்ணீரை மட்டும் குடித்து அந்தச் செடி நின்றது. கூட்டத்தில் பேச்சு வந்தபோது அந்த அக்கா ஒரே வார்த்தை சொன்னார்: "வேண்டாம்னு நான் சொல்லலையே, என்னை யாரும் கேக்கவே இல்லை."

பாடத்தைப் படிக்கும்போது இந்த அக்காவின் செடியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதல் வேலை: உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

கிளை நுனியில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். இப்படியே அடிவரைக்கும் பார்க்க வேண்டும். மேலே எல்லாம் காய்ந்து, அடித்தண்டில் ஒரு விரல்கடை அளவு பச்சை இருந்தாலும் போதும். செடி பிழைக்க வழி உண்டு.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு நம் மாவட்டத்தில் நாம் கண்ணாலே பார்த்தோம். தலை முறிந்து மொட்டையாக நின்ற வேப்பமரங்கள் சில மாதத்தில் அடிமரத்திலிருந்து துளிர் விட்டன. வேரில் உயிர் இருந்தால் மேலே வரும்.

இரண்டாவது: தாகமா, மூச்சுத் திணறலா?

வாடிய செடியைக் கண்டதும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும், ஒரு கை யூரியா போடுவதும் நம் வழக்கம். இது இரண்டுமே சில சமயம் செடியைக் கொன்றுவிடும். ஏனென்றால் செடி இரண்டு விதமாக வாடும்.

ஒன்று, தண்ணீர் இல்லாமல் வாடுவது. மண் கட்டியாக இறுகி, தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளி வழியே கீழே ஓடிவிடும். நடுவில் இருக்கிற வேருக்கு ஒரு சொட்டும் போகாது. தொட்டி நனைந்த மாதிரி தெரியும், வேர் காய்ந்தே இருக்கும். இதற்கு, சின்னத் தொட்டியாக இருந்தால் ஒரு அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, அதில் தொட்டியை அப்படியே முக்கி வையுங்கள். காற்றுக் குமிழி வந்துகொண்டே இருக்கும். குமிழி நின்றதும் எடுத்து, தண்ணீர் வடிய வையுங்கள். அரை மணி நேரம் போதும். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் மேல் மண்ணைக் குச்சியால் பதமாகக் கிளறி, ஒரு செம்பு ஒரு செம்பாக, விட்டு விட்டு ஊற்றுங்கள்.

இன்னொன்று, தண்ணீர் தேங்கி வாடுவது. நம்ம ஊர்க் களிமண்ணுக்கு இதுதான் பெரிய தொல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியின் ஓட்டை அடைத்துப் போய், உள்ளே சேறாக நிற்கும். மண்ணை எடுத்து முகர்ந்தால் புளித்த நாற்றம் அடிக்கும். வேருக்கும் காற்று வேண்டும். காற்று போகாவிட்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. இதற்கு இன்னும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? கம்பியால் ஓட்டையைக் குத்தித் திறந்து, தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள்.

எனவே முதலில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். தினமும் பார்த்தாலும் சரி, உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

மூன்றாவது: கவாத்து

மல்லி பூப்பது புதிதாக வருகிற தளிரின் நுனியில். பழைய கிளை எவ்வளவு நீளமாக வளர்ந்தாலும் புதுத் தளிர் வராவிட்டால் பூ கிடையாது. அதனால்தான் குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகை நடுவில், தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்யச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நம் கைக் கணக்கில் ஒரு முழம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. தொட்டிச் செடி என்றால் ஒரு அடி, ஒன்றரை அடி விட்டால் போதும்.

நம்ம பக்கம் கார்த்திகையில் மழை விடாமல் பெய்யும். கொட்டுகிற மழையில் வெட்ட வேண்டாம், வெட்டுவாயில் அழுகல் பிடிக்கும். இரண்டு நாள் வெயில் காட்டியதும் செய்யுங்கள். மழை ஓயவில்லை என்றால் மார்கழியில் செய்யலாம். பூ கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

வெட்டும் முறை இது:

1. காய்ந்த கிளைகளை முதலில் எடுங்கள். பச்சை தெரிகிற இடம்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள்.

2. ஒன்றோடு ஒன்று உரசுகிற கிளை, உள்பக்கமாக வளர்கிற கிளை, ஈர்க்குச்சி போன்ற ஒல்லிக் கிளை இவற்றை நீக்குங்கள். செடியின் நடுவில் வெளிச்சமும் காற்றும் புக வேண்டும்.

3. கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். மழைத் தண்ணீர் வழிந்துவிடும்.

4. கத்தரி அல்லது கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். கையால் முறிப்பது, அரிவாளால் கொத்துவது கூடாது. தண்டு பிளந்துவிடும்.

5. இருக்கிற இலைகளை உருவி விடுங்கள். செடி ஓய்வெடுத்துப் புதிதாகத் துளிர்க்கும்.

ஒரு எச்சரிக்கை. அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை இருக்கிற, ரொம்பவும் நலிந்த செடிக்கு இந்த ஐந்தையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். காய்ந்ததை மட்டும் நீக்குங்கள். மற்றது துளிர் வந்த பிறகு.

நான்காவது: வேரும் மண்ணும்

தொட்டியில் பல வருஷம் இருக்கிற செடியின் வேர், சுவரில் முட்டி முட்டி வட்டமாகச் சுற்றிக்கொள்ளும். சும்மாட்டுத் துணி மாதிரி இருக்கும். மண் கரைந்து போய் வேர் மட்டும்தான் இருக்கும். அப்புறம் எந்த உரம் போட்டாலும் தங்காது.

செடியை அடியோடு பிடித்து, தொட்டியைச் சாய்த்து, பக்கத்தில் தட்டி வெளியே எடுங்கள். கறுத்து, குழைந்து, நாற்றம் அடிக்கிற வேரை வெட்டி எறியுங்கள். வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கிறதைக் காப்பாற்றுங்கள். வெளிப்பக்கம் சுற்றியிருக்கிற வேரில் மூன்றில் ஒரு பங்குவரை வெட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். வேரைக் குறைத்தால் மேலே கிளையையும் குறைத்திருக்க வேண்டும். உழைக்கிற கை நாலு, சாப்பிடுகிற வாய் பத்து என்றால் குடும்பம் தாங்காது அல்லவா? செடிக்கும் அதே கணக்குதான்.

புது மண் கலவை: தோட்ட மண் அல்லது செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. அரவை மில்லில் உமிக்கு நமக்குப் பஞ்சம் இல்லை. கருக்கிய உமி களிமண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். கூடவே ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. வயல் களிமண்ணை மட்டும் போட்டு நிரப்ப வேண்டாம். பச்சைச் சாணியும் வேண்டாம், சூட்டில் வேர் வெந்துவிடும். அடியில் ஓட்டு வில்லை, உடைந்த செங்கல் துண்டு போட்டு, அதன்மேல் மண் நிரப்புங்கள். தொட்டி இல்லாவிட்டால் பழைய பெயின்ட் வாளியோ உரச் சாக்கோ போதும். ஓட்டை மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மாற்றிய செடியைப் பத்துப் பதினைந்து நாள் நிழலில் வையுங்கள். பிறகு காலை வெயிலுக்குக் கொண்டுவந்து, கடைசியாக முழு வெயிலுக்கு மாற்றுங்கள். மல்லி நன்றாகப் பூக்க ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். மர நிழலில் வைத்தால் இலைதான் வரும்.

தொட்டியில் நானூறு வருஷம்

வேரை வெட்டினால் செடி செத்துவிடாதா என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். ஜப்பான் நாட்டில் போன்சாய் என்று ஒரு கலை இருக்கிறது. பெரிய மரமாக வளரக் கூடியதைச் சின்னத் தட்டில், முழங்கால் உயரத்தில் வளர்ப்பார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை தட்டிலிருந்து எடுத்து, வேரைக் கத்தரித்து, மண்ணை மாற்றி வைப்பார்கள். கிளையையும் கத்தரிப்பார்கள். அதனால்தான் அந்த மரம் நீண்ட காலம் வாழ்கிறது. ஹிரோஷிமா நகரத்தில் யமாகி என்ற குடும்பத்தார் வளர்த்த ஒரு பைன் மரம் 1625ஆம் வருஷத்திலிருந்து இப்படித் தொட்டியில் வளர்க்கப்பட்டது. 1945இல் அணுகுண்டு விழுந்தபோது அந்த மரம் மதில் சுவருக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்தது. 1976இல் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இன்றைக்கும் வாஷிங்டன் நகரத்தில் இருக்கிறது.

அங்கே அசேலியா என்ற பூச்செடியையும் இப்படி வளர்க்கிறார்கள். அது குளிர்ச்சியான இடத்துச் செடி. நம் மாநிலத்தில் ஊட்டி, கொடைக்கானலில் பார்க்கலாம், நம்ம ஊர் வெயில் அதற்கு ஆகாது. கவனிப்பில்லாமல் போன அசேலியாவை மீட்க நினைக்கிறவர்கள் அவசரப்படுவதில்லை. முதல் வருஷம் செடிக்குத் தெம்பு வரவைப்பார்கள். வேர் வேலை ஒரு வருஷம், கிளை வேலை ஒரு வருஷம் என்று பிரித்துச் செய்வார்கள். நம் மல்லி அதைவிட உரமானது, சீக்கிரம் தேறிவிடும். ஆனாலும் அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். நோயில் கிடந்து எழுந்தவருக்கு முதல் நாளே பிரியாணி போடுவோமா? கஞ்சியில்தானே ஆரம்பிப்போம்.

ஐந்தாவது: மஞ்சள் இலை என்ன சொல்கிறது?

இலை மஞ்சளானால் ஒரே மருந்து என்று நினைக்க வேண்டாம். எந்த இலை, எப்படி மஞ்சள் என்று பாருங்கள்.

அடியில் இருக்கிற பழைய இலைகள் முழுசாக மஞ்சளானால் சத்துக் குறைவு. மக்கிய உரம் வைத்தால் சரியாகும்.

எல்லா இலையும் மஞ்சளாகித் தொங்கினால், மண் ஈரமாகவே இருந்தால், தண்ணீர் தேக்கம்.

நுனியில் வருகிற இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. இது நம்ம பக்கம் அதிகம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. போர் தண்ணீரில் இருக்கிற உப்பும் சுண்ணாம்பும், சிமெண்ட் தொட்டியின் சுண்ணாம்பும் அந்த இரும்பை வேருக்குக் கிடைக்காமல் கட்டிப்போட்டு விடுகின்றன. நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் அன்னபேதி உப்பு கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், சுமார் ஒரு டீஸ்பூன், கரைத்துச் சாயங்கால வேளையில் இலையில் தெளியுங்கள். பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை செய்யலாம். துணியில் பட்டால் கறை போகாது, பழைய புடவையோடு செய்யுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நம் பெண்களுக்கு இரத்தசோகை வந்தால் முகம் வெளுக்கிற மாதிரிதான் இதுவும். செடிக்கு இரும்புச் சத்து தேடுகிற நாம், கிராம சுகாதார செவிலியர் கொடுக்கிற சத்து மாத்திரையைத் தகர டப்பாவில் போட்டு வைத்துவிட வேண்டாம்.

தொட்டி ஓரத்திலும் மண் மேலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை சரியாக இருக்கிற தொட்டியை மழையில் ஒருநாள் நனைய விட்டால் உப்பு கழுவிப் போகும். கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தும் ஊற்றலாம்.

ஆறாவது: உரம் கடைசியில்தான்

புதுத் துளிர் ஒரு விரல் நீளம் வந்த பிறகுதான் உரம். அதற்கு முன் போட்டால் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது, கருகிவிடும். வேரை வெட்டி மண் மாற்றிய செடிக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாரம் பொறுங்கள்.

பிறகு மாதம் ஒரு தரம் இரண்டு கை மண்புழு உரம் போதும். கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த தண்ணீரில் பத்து மடங்கு நல்ல தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் அவர்கள் பரப்பிய பஞ்சகவ்யம் இப்போது பல குழுக்களே தயாரிக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் போதும்.

தரையில் நட்ட வளர்ந்த செடிக்குக் கணக்கு வேறு. ஒரு செடிக்கு 10 கிலோ தொழுஉரம் கவாத்து முடிந்ததும் வைக்க வேண்டும். தொட்டியில் அவ்வளவு கொட்டிவிடாதீர்கள்.

ஏழாவது: பூச்சி

வெயில் காலத்தில் இலைக்கு அடியில் நூலாம்படை போலக் கட்டி, இலை வெளுத்தால் அது சிவப்புச் சிலந்திப் பூச்சி. இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டினால் மாவுப்பூச்சி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் அடியுங்கள். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிடுங்கள், செடி மேலேயே விடக் கூடாது.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று வாசல் மல்லிக்கு அடிக்காதீர்கள். அந்தப் பூவைத்தான் நம் பெண்பிள்ளைகள் தலையில் வைக்கிறார்கள்.

அந்த அக்காவின் செடி

இப்போது அந்த அக்காவின் தொட்டிக்கு வருவோம். ஐப்பசியில் குழுவில் இரண்டு பேர் கைகொடுத்து, தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார்கள். அடைத்திருந்த ஓட்டையைத் திறந்ததும் கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது. செடியில் அடித்தண்டு மட்டும்தான் பச்சை. அதனால் அப்போது வேரைத் தொடவில்லை. கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் காய்ந்த கிளைகளை நீக்கினார்கள். மேல் மண்ணில் நாலு விரல் கடை எடுத்துவிட்டுப் புதுக் கலவை போட்டார்கள். மார்கழி முழுக்க ஒன்றும் தெரியவில்லை. "இது வராதுங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தை இரண்டாம் வாரம் அடியிலிருந்து மூன்று துளிர் வந்தது. பங்குனியில் முதல் மொட்டு. சித்திரையில் தினமும் காலையில் ஒரு டம்ளர் மொட்டு பறிக்கிற அளவுக்கு வந்தது. அடுத்த வருஷக் கவாத்தின்போதுதான் வேரைச் சீர்செய்து மண்ணை முழுசாக மாற்றினார்கள்.

அந்தப் பூவை என்ன செய்வது என்று குழுவில் பேச்சு வந்தது. சிலர் சாமிக்குப் போடலாம் என்றார்கள். சிலர் விற்றுவிடலாம் என்றார்கள். அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பாதியைக் கட்டி விக்கிறேன், மீதி என் பொண்ணுக்கு. எனக்கு வைக்கணும்னு தோணினா நானே வச்சுக்குவேன், யாரும் வைங்கன்னும் சொல்ல வேணாம், வேணாம்னும் சொல்ல வேணாம்" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

கணவனை இழந்த பெண் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது, நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று எழுதப்படாத சட்டம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டம் ஹேர்வாட் என்ற கிராமம் 2022 மே மாதம் கிராம சபையைக் கூட்டி, கணவன் இறந்ததும் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது போன்ற சடங்குகளை நிறுத்துவதாகத் தீர்மானம் போட்டது. அதே மாதத்தில், மற்ற கிராமங்களும் இதைப் பின்பற்றலாம் என்று மாநில அரசே சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு கிராம சபையால் முடிந்திருக்கிறது. நம் குழுவில் இருபது பேர் உட்கார்ந்து பேசவாவது முடியும் அல்லவா? நாங்கள் யாரையும் பூ வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெண்தான் என்று மட்டும் சொல்கிறோம்.

வெட்டிய குச்சியை எறியாதீர்கள்

கவாத்தில் வெட்டிய பச்சைக் குச்சிகளில் இருந்து புதுச் செடி எடுக்கலாம். பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணு உள்ளதாக, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். மணலும் மக்கிய உரமும் கலந்த பையில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். பத்துக் குச்சி நட்டால் எல்லாம் வராது. வந்தவரைக்கும் குழுவில் பங்கு போட்டுக்கொள்ளலாம். தாழ்வாக இருக்கிற கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடுவது இன்னும் எளிது. நம் பாட்டிகள் செய்ததுதான்.

செய்யக் கூடாதவை – நினைவில் வைக்க

* வாடிய செடிக்கு உடனே யூரியா போடுவது.
* விரலை விட்டுப் பார்க்காமல் தினமும் தண்ணீர் ஊற்றுவது.
* நலிந்த செடிக்கு வேர் வெட்டு, கிளை வெட்டு, உரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வது.
* நிழலில் இருந்த செடியைச் சட்டென்று சித்திரை வெயிலில் வைப்பது.
* ஒரு மாதத்தில் துளிர் வரவில்லை என்று தூக்கி எறிவது. சுரண்டிப் பார்த்துப் பச்சை இருக்கும்வரை காத்திருங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் வாடிய பூச்செடி இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்குள் சுரண்டிப் பார்த்து, உயிர் உள்ளவை எத்தனை என்று எழுதி வாருங்கள்.

2. ஒரு மாதம் பூவுக்கு நாம் செலவு செய்யும் பணம் எவ்வளவு? ஊக்குநர் தனித்தாளில் குறித்து, மொத்தம் போட்டுப் படிக்கவும்.

3. கவாத்துக் கத்தரி ஒன்று குழுவுக்குப் பொதுவாக வாங்கலாமா? யார் பொறுப்பில் இருப்பது?

4. நம் குழுவில் கணவனை இழந்த சகோதரிகளிடம் அவர்களுக்கு என்ன விருப்பம் என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? அவர்களை முதலில் பேச விடுங்கள்.

கார்த்திகை வருவதற்கு முன்னால் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிடுங்கள். மழை விட்டதும் கத்தரியோடு உங்கள் குழுவுக்கு வருகிறோம்.